கூட்டல் விளைவும் ஓங்கு விளைவும்: ஒரு பண்பில் இரண்டையும் பிரித்து அளப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

இரண்டு பெற்றோரைக் கலந்தாயிற்று, பிள்ளைகளை வளர்த்து அளந்தாயிற்று, எண்கள் கையில் இருக்கின்றன. அடுத்து என்ன? புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். சூத்திரங்கள் கடினமானவை அல்ல, கூட்டல் கழித்தல் தெரிந்தால் போதும். தடுமாற்றம் வருவது வரிசை மாறிப்போவதால். அளவுகோலைச் சரிபார்க்குமுன் ஓங்குத்தன்மையை (கலப்புப் பிள்ளை இரு ஓரங்களின் நடுவிலிருந்து ஒரு பக்கம் சாய்வதை) கணக்கிடுகிறார்கள், பொருத்தத்தைச் சோதிக்குமுன் முடிவை எழுதிவிடுகிறார்கள்.

இன்னொரு குழப்பம் இதைவிடப் பெரியது. ஒரு மரபணு என்ன செய்கிறது என்பது ஒரு கேள்வி. ஒரு கூட்டத்தில் அந்த மரபணுவால் எவ்வளவு வேறுபாடு உண்டாகிறது என்பது வேறு கேள்வி. இரண்டுக்கும் ஒரே பெயர்களைப் பயன்படுத்துவதால் ஒன்றின் விடையை மற்றொன்றுக்கு எழுதிவிடுகிறோம். இந்த வழிகாட்டி முழுவதும் அந்த இரண்டையும் தனித்தனியாக வைத்திருக்கிறேன்.

1. தொடங்கும் முன் தயாராக இருக்க வேண்டியவை

எண்ணாக அளக்கக்கூடிய பண்பு வேண்டும். உயரம், எடை, பூப்பதற்கு ஆகும் நாள், ஈற்றுக்கு எத்தனை குட்டி, இப்படி. "நல்லது, சுமார், மோசம்" என்று தரம் போட்ட பண்பில் "நடு" எங்கே இருக்கிறது என்று சொல்ல முடியாது. நடு தெரியாமல் ஓங்குத்தன்மையை அளக்க வழியில்லை.

பயிர் என்றால் தூய வரிசைப் பெற்றோர் இரண்டு வேண்டும். பல தலைமுறை தன்மகரந்தச் சேர்க்கையில் வந்த வரிசைக்குள் எல்லாச் செடிகளும் மரபளவில் ஒன்றே. ஆகவே அந்த வரிசைக்குள் தெரிகிற வேறுபாடு முழுவதும் சூழலால் வந்தது. பின்னால் சூழலின் பங்கைக் கழிக்க இதுதான் நமக்கு அளவு.

பெற்றோரும் எல்லாத் தலைமுறைகளும் ஒரே பருவத்தில், ஒரே நிலத்தில், கலைத்துப்போட்ட வரிசையில் வளர வேண்டும். போன வருடப் பெற்றோர் அளவையும் இந்த வருடப் பிள்ளைகளின் அளவையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், மழையின் வித்தியாசம் ஓங்குத்தன்மை என்ற பெயரில் வந்து நிற்கும்.

கடைசியாக, கலப்பை இரு திசையிலும் செய்து பாருங்கள். முதல் வரிசையைத் தாயாக வைத்து ஒரு முறை, தந்தையாக வைத்து ஒரு முறை. இரண்டு கலப்பின் பிள்ளைகளும் வேறுபட்டால் அங்கே தாயின் தாக்கம் இருக்கிறது. அதைத் தனியாகக் கையாளாமல் மேலே போகக் கூடாது.

2. முதலில் நடுப்புள்ளியைக் குறியுங்கள்

ஒரே ஒரு மரபணுவில் தொடங்குவோம். அதற்கு இரண்டு அல்லீல்கள், அதாவது மாற்று வடிவங்கள்: ஒன்று பண்பின் அளவைக் கூட்டுவது, மற்றது குறைப்பது. ஓர் உயிரியிடம் கூட்டும் அல்லீல் 2 நகல் இருக்கலாம், 1 இருக்கலாம், இல்லாமலும் போகலாம்.

சுண்டெலியில் 'பிக்மி' என்ற குள்ள மரபணு இதற்கு நல்ல உதாரணம். ஆறு வார வயதில் இயல்பான அல்லீல் 2 நகல் உள்ள எலியின் எடை 14 கிராம், 1 நகல் உள்ளது 12 கிராம், நகலே இல்லாதது 6 கிராம் என்று வைத்துக் கணக்கிடுவது வழக்கம்.

முதலில் இரு ஓரங்களையும் மட்டும் பாருங்கள். 14-க்கும் 6-க்கும் நடு 10. இதை 'ந' என்போம். நடுவிலிருந்து ஓரத்துக்கு உள்ள தூரம் 4. இதுதான் கூட்டல் விளைவு, 'கூ'.

இப்போதுதான் நடுவில் உள்ள எலியைப் பார்க்க வேண்டும். அதன் எடை 12, நடுப்புள்ளியிலிருந்து 2 மேலே. இந்த 2 தான் ஓங்கு விளைவு, 'ஓ'. ஓ-வைக் கூ-வால் வகுத்தால் 0.5. பகுதி ஓங்குதல் என்று பெயர்.

ஓ பூஜ்யமானால் ஓங்குதலே இல்லை. கூ-வுக்குச் சமமானால் முழு ஓங்குதல். அதையும் தாண்டினால் மிகை ஓங்குதல். ஓ எதிர்க்குறியாகவும் வரலாம். அப்போது குறைக்கும் அல்லீல்தான் ஓங்கி நிற்கிறது.

இங்கே வழக்கமாக நடக்கும் தவறு, 1 நகல் உள்ளதை 0 நகல் உள்ளதோடு ஒப்பிட்டு "6 கிராம் கூடியிருக்கிறது, எவ்வளவு பெரிய ஓங்குதல்!" என்று சொல்வது. அந்த 6-இல் 4 கூட்டல் விளைவு, 2 மட்டுமே ஓங்கு விளைவு. ஓங்கு விளைவு என்பது எப்போதும் நடுப்புள்ளியிலிருந்து அளக்கும் விலகல்.

3. எந்த அளவுகோலில் அளக்கிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள்

இதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுகிறவர்கள்தான் அதிகம். நான் மூன்றாவது படியிலேயே வைப்பதற்குக் காரணம், ஓங்குத்தன்மை மரபணுவில் மட்டும் இல்லை, நாம் எடுத்த அளவுகோலிலும் இருக்கிறது.

காய் எடையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பெற்றோரின் காய் 100 கிராம், இன்னொன்று 1 கிராம், கலப்புப் பிள்ளையின் காய் 10 கிராம் என்று வைப்போம். கிராம் கணக்கில் நடுப்புள்ளி 50.5. பிள்ளை அதற்கு 40.5 கீழே கிடக்கிறது. சிறிய காய் கிட்டத்தட்ட முழுமையாக ஓங்குகிறது என்று எழுதத் தோன்றும். அதே எண்களுக்கு மடக்கை எடுங்கள்: 2, 0, 1. பிள்ளை மிகச் சரியாக நடுவில். ஓங்குதல் துளியும் இல்லை. ஒவ்வொரு அல்லீலும் எடையை இத்தனை கிராம் கூட்டாமல் இத்தனை மடங்கு பெருக்கினால் இப்படித்தான் ஆகும்.

எது சரி என்று எப்படித் தெரிந்துகொள்வது? இரு பெற்றோர், எஃப்1 (அவற்றின் நேரடிக் கலப்புப் பிள்ளைகள்) ஆகியவற்றின் உள்வேறுபாட்டைப் பாருங்கள். சராசரி பெரிதாக ஆக உள்வேறுபாடும் கூடவே பெரிதானால், அளவுகோல் மடக்கையைக் கேட்கிறது என்று பொருள். மாற்றியபின் உள்வேறுபாடுகள் சமமாக வந்தால் அதிலேயே தொடருங்கள். மாற்றத்தை முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள். பிடித்த விடை வரும்வரை அளவுகோலை மாற்றிக்கொண்டே இருப்பது ஆய்வாகாது.

அளக்கும் இடம் மாறினாலும் இதுவே நடக்கும். பட்டாணியின் சுருங்கிய விதை பள்ளிக்கூடத்திலேயே படித்தது. விதையை வெளியிலிருந்து பார்த்தால் உருண்டை முழுமையாக ஓங்குகிறது. உள்ளே மாவுமணிகளை நுண்ணோக்கியில் பார்த்தால் கலப்பு விதை இரண்டுக்கும் இடைப்பட்டதாக இருக்கிறது. செம்மறி ஆட்டில் பூரூலா மரபணுவும் அப்படியே. ஒவ்வொரு நகலும் சினைமுட்டை எண்ணிக்கையைச் சுமார் 1.5 கூட்டுகிறது, சுத்தமான கூட்டல். ஆனால் ஈற்றுக்கு எத்தனை குட்டி என்று எண்ணினால் முதல் நகல் சுமார் 1 குட்டியைக் கூட்டுகிறது, இரண்டாவது நகல் அரைக் குட்டியைத்தான். முட்டைகள் கூடக் கூட கருப்பையில் இழப்பும் கூடுகிறது, அவ்வளவுதான். மரபணு ஒன்றே, ஓங்குத்தன்மை வேறு. ஆகவே "இந்த மரபணு ஓங்கும்" என்று எழுதாமல் "இந்தப் பண்பில், இந்த அளவுகோலில் ஓங்கும்" என்று எழுதப் பழகுங்கள்.

4. ஆறு தலைமுறைகளை வளர்த்து அளப்பது

உயரம், மகசூல் போன்ற பண்புகளைப் பல மரபணுக்கள் சேர்ந்து நடத்துகின்றன. ஒவ்வொன்றையும் தனியே பார்க்க முடியாது. அவற்றின் மொத்தத்தைப் பிரிக்க ஆறு தலைமுறைகள் தேவை: பெற்றோர் இரண்டு (பெ1, பெ2), அவற்றின் கலப்பான எஃப்1, எஃப்1-ஐத் தன்மகரந்தம் செய்த எஃப்2, எஃப்1-ஐ ஒவ்வொரு பெற்றோருடனும் திரும்பக் கலந்த பின்கலப்புகள் இரண்டு (பின்1, பின்2).

எல்லாவற்றிலும் ஒரே எண்ணிக்கை வைக்காதீர்கள். பெற்றோரும் எஃப்1-உம் உள்ளுக்குள் மரபளவில் ஒன்றுபோல் இருப்பதால் குறைவாக இருந்தால் போதும். எஃப்2-வில் மரபணுக்கள் பிரிந்து கலைகின்றன, வேறுபாடு அதிகம், அதனால் செடிகளும் அதிகம் வேண்டும். பெற்றோருக்கும் எஃப்1-க்கும் தலா 40, பின்கலப்புகளுக்குத் தலா 100, எஃப்2-க்கு 200 என்பது கைக்கு அடங்கும் தொடக்கம்.

இந்தப் படியில் நான் அடிக்கடி பார்க்கிற தவறு நாற்று நடும்போது நடக்கிறது. நாற்றங்காலிலிருந்து பறிக்கிற கை, பழக்கத்தில் நோஞ்சான் நாற்றை ஓரமாகப் போட்டுவிடும். சாகுபடியில் அது நல்ல பழக்கம். இங்கே அதே பழக்கம் கணக்கைக் குலைத்துவிடும். எஃப்2-வில் அந்த நோஞ்சான் நாற்றுகள்தான் குறைக்கும் அல்லீல்களைச் சேர்த்து வைத்திருப்பவை. அவற்றைக் கழித்தால் எஃப்2 சராசரி மேலே ஏறும், வேறுபாடு சுருங்கும், பிறகு வருகிற எல்லா எண்ணும் கோணும். நடும் ஆளிடம் முன்கூட்டியே சொல்லுங்கள், முளைத்த நாற்று எதையும் கழிக்கக் கூடாது, வரிசையாக எடுத்து நட வேண்டும் என்று.

இன்னொன்று, எஃப்1-இன் தூய்மை. ஆண்பாகம் நீக்குவதில் கொஞ்சம் பிசகினாலும் தன்மகரந்தத்தில் வந்த விதை எஃப்1 பையில் சேர்ந்துவிடும். எஃப்1-இன் உள்வேறுபாடு பெற்றோரைவிடத் தெளிவாக அதிகமாக இருந்தால் முதலில் இதைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

5. சராசரிகளிலிருந்து கூ, ஓ

ஒவ்வொரு தலைமுறைக்கும் எதிர்பார்க்கும் சராசரி இது:

பெ1 = ந + கூ
பெ2 = ந − கூ
எஃப்1 = ந + ஓ
எஃப்2 = ந + ½ ஓ
பின்1 = ந + ½ கூ + ½ ஓ
பின்2 = ந − ½ கூ + ½ ஓ

எஃப்2-வில் ஓ ஏன் பாதி? அங்கே எந்த மரபணுவை எடுத்தாலும் பாதிச் செடிகள்தான் கலப்பு நிலையில், அதாவது இரு அல்லீலிலும் ஒவ்வொரு நகலோடு, இருக்கும். மீதிப் பாதி இரு ஓரங்களுக்கும் சமமாகப் பிரிவதால் கூ அடிபட்டுப்போகும். இந்தக் காரணம் மனதில் நின்றால் சூத்திரத்தை மனப்பாடம் செய்யவே வேண்டாம்.

கணக்கைப் பார்க்க உயரம் பற்றிய எண்களை வைத்துக்கொள்வோம், சென்டிமீட்டரில். இவை பயிற்சிக்காக நான் வைத்த எண்கள்: பெ1 = 120, பெ2 = 80, எஃப்1 = 112, எஃப்2 = 105, பின்1 = 115, பின்2 = 97.

நடு 100, கூ 20, ஓ 12. ஓ ÷ கூ = 0.6. இங்கேயே நிறுத்தி "பகுதி ஓங்குதல்" என்று எழுதிவிட ஆசை வரும். பொறுங்கள். இன்னும் எஃப்2-வையும் பின்கலப்புகளையும் நாம் தொடவே இல்லை. அவை இந்தக் கதையை ஏற்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.

6. பொருத்தத்தைச் சோதியுங்கள்

மரபணுக்கள் ஒன்றன் வேலையில் மற்றொன்று தலையிடாமல் தனித்தனியே செயல்பட்டால், கீழே உள்ள மூன்று கணக்கும் பூஜ்யத்தை ஒட்டி வர வேண்டும்:

முதல் சோதனை = 2 × பின்1 − பெ1 − எஃப்1
இரண்டாம் சோதனை = 2 × பின்2 − பெ2 − எஃப்1
மூன்றாம் சோதனை = 4 × எஃப்2 − 2 × எஃப்1 − பெ1 − பெ2

நம் எண்களில் முதலாவது 230 − 120 − 112 = −2. இரண்டாவது 194 − 80 − 112 = 2. மூன்றாவது 420 − 224 − 200 = −4.

இந்த எண்கள் பெரிதா சிறிதா என்று கண்ணால் சொல்லக் கூடாது, திட்டப்பிழை (தற்செயலாக மட்டும் அந்த எண் எவ்வளவு ஆடும் என்ற அளவு) வேண்டும். வேரியன்ஸ் என்கிற மாறுபாட்டளவு பெற்றோரிலும் எஃப்1-இலும் தலா 20, பின்கலப்புகளில் தலா 60, எஃப்2-வில் 80 என்று கிடைத்ததாக வைப்போம். எண்ணிக்கையால் வகுத்தால் சராசரிகளின் மாறுபாட்டளவு வரும்: 20 ÷ 40 = 0.5, 60 ÷ 100 = 0.6, 80 ÷ 200 = 0.4.

இப்போது சூத்திரத்தில் உள்ள ஒவ்வொரு பெருக்கெண்ணையும் வர்க்கமாக்கிக் கூட்டுங்கள். முதல் சோதனைக்கு 4 × 0.6 + 0.5 + 0.5 = 3.4, வர்க்கமூலம் 1.84. −2-ஐ இதால் வகுத்தால் −1.09. இரண்டாவதும் அதே அளவு. மூன்றாவதற்கு 16 × 0.4 + 4 × 0.5 + 0.5 + 0.5 = 9.4, வர்க்கமூலம் 3.07, விகிதம் −1.30. குறியை விட்டுப் பார்த்தால் மூன்றுமே வழக்கமான எல்லையான 1.96-ஐத் தாண்டவில்லை. எளிய கதை தாங்குகிறது.

பெருக்கெண்ணை வர்க்கமாக்க மறப்பது இங்கே நிரந்தரத் தவறு. 16-க்குப் பதிலாக 4 போட்டால் திட்டப்பிழை சிறிதாகி, இல்லாத இடைவினை (ஒரு மரபணு மற்றொன்றின் வேலையில் தலையிடுவது) இருப்பதாகக் காட்டும்.

இதற்குப்பின் ஆறு சராசரிகளையும் சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் அதன் மாறுபாட்டளவின் தலைகீழை எடையாகக் கொடுத்து, ந, கூ, ஓ மூன்றையும் ஒரே நேரத்தில் பொருத்துங்கள். கூட்டு அளவுச் சோதனை என்பது இதுதான். ஆறு சராசரியில் மூன்றைக் கணிப்பதால் மீதம் 3 சுதந்திரப் படிகள். கைவர்க்கம் (அளந்த சராசரிகள் பொருத்தியவற்றிலிருந்து விலகும் மொத்த அளவு) 7.81-ஐத் தாண்டினால் பொருந்தவில்லை. பெற்றோரையும் எஃப்1-ஐயும் மட்டும் வைத்துக் கணித்த கூ, ஓ-வைவிட இப்படி வருவது நம்பகமானது, ஏனென்றால் வளர்த்த எல்லாச் செடிகளும் அதில் பேசுகின்றன.

7. பொருந்தவில்லை என்றால்

உடனே இடைவினைக்குத் தாவ வேண்டாம். முதலில் படி 3-க்குத் திரும்பி அளவுகோலைப் பாருங்கள். அப்புறம் படி 4. மூன்றாம் சோதனை மட்டும் நேர்க்குறியில் பெரிதாக வந்து மற்ற இரண்டும் பூஜ்யத்தை ஒட்டி இருந்தால், அந்தக் கழித்துப்போட்ட நோஞ்சான் நாற்றுகளை நினைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டும் சரியாக இருந்தும் பொருந்தவில்லை என்றால் மரபணு இடைவினை இருக்கிறது. அப்போது ஆறு அளவுருக்கள் கொண்ட மாதிரிக்குப் போக வேண்டும். அங்கே அடிப்புள்ளி எஃப்2 சராசரி, கூட்டல் விளைவு பின்1 − பின்2. அடிப்புள்ளியே மாறிவிட்டதால் அந்த எண்களை மூன்று அளவுரு எண்களோடு பக்கத்தில் வைத்து ஒப்பிடக் கூடாது. இன்னொன்றும் உண்டு: ஆறு சராசரி, ஆறு அளவுரு. மீதம் எதுவும் இல்லாததால் அந்த மாதிரி எப்போதும் பொருந்தும். பொருந்தியதை வைத்து அது உண்மை என்று வாதாட முடியாது.

8. மாறுபாட்டளவுகளைப் பிரிப்பது

இதுவரை சராசரி. இனி வேறுபாடு. எஃப்2-வின் 80-ஐப் பிரிப்போம்.

சூழலின் பங்கு பெற்றோரிலும் எஃப்1-இலும் தெரிந்த 20. கூட்டல் பங்கு = 2 × எஃப்2 − (பின்1 + பின்2) = 160 − 120 = 40. ஓங்கு பங்கு = பின்1 + பின்2 − எஃப்2 − சூழல் = 120 − 80 − 20 = 20. மூன்றையும் கூட்டினால் 80, சரியாக வருகிறது.

பாரம்பரியத் திறன் என்பது மொத்த வேறுபாட்டில் மரபின் பங்கு. கூட்டல் பங்கை மட்டும் எடுக்கும் குறுகிய பொருளில் அது 40 ÷ 80 = 0.5. ஓங்கு பங்கையும் சேர்க்கும் விரிந்த பொருளில் 60 ÷ 80 = 0.75. தேர்வுக்கு உதவுவது குறுகியதுதான். தேர்ந்தெடுத்த செடிகள் கூட்டத்தின் சராசரியைவிட 10 சென்டிமீட்டர் உயரமாக இருந்தால், அவற்றைத் தங்களுக்குள் கலந்து பெறும் பிள்ளைகளில் எதிர்பார்க்கும் ஏற்றம் 5 சென்டிமீட்டர். 0.75-ஐப் போட்டு 7.5 எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். ஒரு பெற்றோர் பிள்ளைக்குக் கொடுப்பது ஒரு நகலை மட்டுமே, இணையை அல்ல. ஓங்குதல் இணையில் இருக்கிறது, அதனால் பிள்ளையில் அது புதிதாகச் சேர வேண்டும்.

இப்போது ஒரு விசித்திரத்தைக் கவனியுங்கள். எஃப்2-வில் கூட்டல் பங்கு என்பது கூ-க்களின் வர்க்கக் கூட்டுத்தொகையில் பாதி, ஓங்கு பங்கு ஓ-க்களின் வர்க்கக் கூட்டுத்தொகையில் கால். அப்படியானால் இரண்டு கூட்டுத்தொகையும் 80. சராசரி ஓங்கு அளவு 1, அதாவது முழு ஓங்குதல். படி 5-இல் வந்ததோ 0.6. எது உண்மை?

இரண்டுமே. சராசரிகளில் விளைவுகள் குறியோடு கூடுகின்றன. சில மரபணுக்களில் ஓ மேலேயும் சிலவற்றில் கீழேயும் இழுத்தால் அவை அடிபட்டுப்போகும். பெ1-இடமே சில குறைக்கும் அல்லீல்கள் இருந்தால் கூ-வும் அப்படிச் சுருங்கும். மாறுபாட்டில் எல்லாம் வர்க்கமாகிவிடுவதால் எதுவும் அடிபடாது. "சராசரியில் ஓ பூஜ்யம், ஆகவே ஓங்குதலே இல்லை" என்று எழுதுவது இதனால்தான் தவறு. ஓங்குதல் ஒரு திசையில் சாயவில்லை என்பதை மட்டுமே அது சொல்கிறது.

9. விளைவு வேறு, மாறுபாட்டின் பங்கு வேறு

இந்தப் பகுதியை அவசரப்படாமல் படியுங்கள். மற்றவற்றில் பிசகினால் ஓர் எண் தவறும், இதில் பிசகினால் முடிவே தவறும்.

அதே குள்ள எலிக்குத் திரும்புவோம். கூ = 4, ஓ = 2. இவை மரபணுவின் இயல்பு. இப்போது ஒரு கூட்டத்தில் கூட்டும் அல்லீலின் விகிதம் 'மி', குறைக்கும் அல்லீலின் விகிதம் 'கு' என்போம். இரண்டும் சேர்ந்து 1. கட்டுப்பாடின்றி இணைசேரும் கூட்டத்தில்,

சராசரி விளைவு = கூ + ஓ × (கு − மி)
கூட்டல் மாறுபாடு = 2 × மி × கு × சராசரி விளைவின் வர்க்கம்
ஓங்கு மாறுபாடு = (2 × மி × கு × ஓ) என்பதன் வர்க்கம்

குள்ள அல்லீல் 0.1 விகிதத்தில் இருக்கும் கூட்டத்தில் சராசரி விளைவு 4 + 2 × (−0.8) = 2.4. கூட்டல் மாறுபாடு 0.18 × 5.76 = 1.04. ஓங்கு மாறுபாடு 0.13. குள்ள அல்லீல் 0.4 ஆன இன்னொரு கூட்டத்தில் சராசரி விளைவு 3.6, கூட்டல் மாறுபாடு 6.22, ஓங்கு மாறுபாடு 0.92.

மரபணு மாறவில்லை, எலியின் எடையும் மாறவில்லை. ஆனால் கூட்டல் மாறுபாடு ஆறு மடங்காகிவிட்டது. ஆகவே ஒரு மந்தையில் கிடைத்த பாரம்பரியத் திறனை இன்னொரு மந்தைக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது.

இதைவிட முக்கியமானது அடுத்தது. சராசரி விளைவுக்குள் ஓ ஒளிந்திருப்பதைப் பாருங்கள். ஓங்குதல் இருக்கிற மரபணுவும் கூட்டல் மாறுபாட்டைத் தரும், நிறையவே தரும். முழுமையாக ஓங்குகிற மரபணு, இரு அல்லீல்களும் 0.5 விகிதத்தில் இருக்கையில், தன் மரபு மாறுபாட்டில் மூன்றில் இரண்டு பங்கைக் கூட்டலாகத்தான் காட்டும். "கூட்டல் மாறுபாடு அதிகம், ஆகவே மரபணுக்கள் ஓங்குதல் இல்லாமல் கூட்டலாகச் செயல்படுகின்றன" என்ற வாக்கியத்தை நான் பலமுறை திருத்தியிருக்கிறேன். அந்த 'ஆகவே' நிற்காது.

10. விலங்குகளில்: தூய வரிசை இல்லாதபோது

மாட்டிலும் ஆட்டிலும் தூய வரிசை கிடையாது, ஆறு தலைமுறைத் திட்டம் நடக்காது. உறவினர்களின் ஒற்றுமையிலிருந்து பின்னோக்கி வர வேண்டும்.

ஒரே தந்தை, வெவ்வேறு தாய்களுக்குப் பிறந்தவற்றின் உடன்மாறுபாடு (இரண்டும் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்ற அளவு), கூட்டல் மாறுபாட்டில் கால் பங்கு. தாய் தந்தை இருவரும் ஒன்றான உடன்பிறப்புகளில் அது, கூட்டல் மாறுபாட்டில் பாதியும் ஓங்கு மாறுபாட்டில் காலும் சேர்ந்தது. ஓங்குதல் ஏன் இங்கே மட்டும்? இரு பெற்றோரும் ஒன்றானால்தான் இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே இணை அப்படியே கிடைக்க வாய்ப்பு உண்டு.

ஆகவே இரண்டாவதிலிருந்து முதலாவதின் இரு மடங்கைக் கழித்தால் ஓங்கு மாறுபாட்டில் கால் மிஞ்சும், அதை 4-ஆல் பெருக்கினால் போதும் என்று தோன்றும். இங்கேதான் பள்ளம். உடன்பிறந்த குட்டிகள் ஒரே கருப்பையில் கிடந்து, ஒரே மடியில் குடித்து வளர்கின்றன. அந்தப் பொதுச்சூழலும் அதே மீதியில் உட்கார்ந்திருக்கிறது. 4-ஆல் பெருக்கும்போது அதுவும் நான்கு மடங்காகி ஓங்கு மாறுபாட்டின் பெயரில் வெளியே வருகிறது. குட்டிகளைப் பிறந்தவுடன் வெவ்வேறு தாய்களிடம் மாற்றி வளர்த்தால் பாலின் தாக்கத்தைப் பிரிக்கலாம், கருப்பையின் தாக்கத்தை அதுவும் பிரிக்காது. வசதி இல்லை என்றால் கூட்டல் மாறுபாட்டை மட்டும் எழுதிவிட்டு ஓங்கு மாறுபாட்டை விட்டுவிடுவது நேர்மையானது.

11. ஒரு மார்க்கரை வைத்துக் கணிக்கும்போது

டிஎன்ஏ மார்க்கர் (மரபணுவின் அருகில் எந்த வடிவம் இருக்கிறது என்று காட்டும் அடையாளம்) தெரிந்திருந்தால் ரெக்ரஷன், அதாவது எண்களுக்குக் கோடு பொருத்தும் முறை, போதும். ஒவ்வோர் உயிரிக்கும் இரண்டு எண் கொடுங்கள். கூட்டலுக்கு: 2 நகலுக்கு 1, 1 நகலுக்கு 0, 0 நகலுக்கு −1. ஓங்குதலுக்கு: 1 நகலுக்கு மட்டும் 1, மற்ற இரண்டுக்கும் 0. இரண்டையும் சேர்த்துப் பொருத்தினால் முதல் கெழு கூ, இரண்டாவது ஓ.

ஓங்குதலுக்கான எண்ணை விட்டுவிட்டு, நகல் எண்ணிக்கையை மட்டும் வைத்துப் பொருத்தினால் கிடைக்கும் சாய்வு கூ அல்ல. அது படி 9-இல் பார்த்த சராசரி விளைவு. எஃப்2-வில் இரு அல்லீல்களும் பாதிப்பாதி என்பதால் இரண்டும் ஒன்றாகிவிடும், பொதுக் கூட்டத்தில் ஒன்றாகாது.

எஃப்2-வில் ஓ-வின் திட்டப்பிழை எப்போதும் கூ-வின் திட்டப்பிழையைப்போல் சுமார் 1.4 மடங்கு. ஆகவே ஓங்குதலைக் கண்டுபிடிக்க இரு மடங்கு உயிரிகள் தேவை. புதிதாக வந்த ஒருவர் ஒருமுறை எக்செல் தாளைத் திருப்பிக் காட்டினார். ஒரு மார்க்கரில் ஓ ÷ கூ 9 என்று மஞ்சள் பூசியிருந்தார், மிகை ஓங்குதல் என்று. பக்கத்துக் கட்டத்தில் கூ 0.3, அதன் திட்டப்பிழை 0.5. கூ பூஜ்யமாகவே இருக்கலாம். பூஜ்யத்தால் வகுத்து வந்த 9 அது. கூ உறுதியாக இல்லாத இடத்தில் விகிதத்தை எழுதவே வேண்டாம், ஓ-வையும் அதன் திட்டப்பிழையையும் மட்டும் எழுதுங்கள்.

விகிதம் உண்மையிலேயே 1-ஐத் தாண்டினாலும் ஒரு சந்தேகம் மிச்சமிருக்கும். அருகருகே இரண்டு மரபணுக்கள், ஒவ்வொன்றிலும் கூ 2, ஓ 1. பெ1-இடம் முதலாவதின் நல்ல அல்லீலும் இரண்டாவதின் மோசமான அல்லீலும், பெ2-இடம் நேர் எதிராக. இரு பெற்றோரும் 2 − 2 = 0, கலப்போ 1 + 1 = 2. மார்க்கரின் கண்ணுக்கு இது கூ பூஜ்யம், ஓ 2 உள்ள ஒற்றை மரபணு. மக்காச்சோள மகசூலில் இது நடந்தது: எஃப்2-வில் மிகை ஓங்குதலாகத் தெரிந்தது, கூட்டத்தைப் பல தலைமுறை கட்டுப்பாடின்றிக் கலக்கவிட்டுப் அருகருகே இருந்த மரபணுக்களின் பிணைப்பு உடைந்தபின் குறைந்துபோனது.

12. கிடைத்த எண்ணை எதற்குப் பயன்படுத்துவது

கூட்டல் பங்கு பெரிதானால் தேர்வு. ஓங்குதல் ஒரு திசையில் சாய்ந்து பெரிதாக இருந்தால் கலப்பினம். தன்மகரந்தப் பயிரில் தூய வரிசையாக வெளியிடப்போகிறீர்கள் என்றால் ஓங்கு விளைவு நிலைக்காது, அதை நம்பித் தேர்ந்தெடுக்கக் கூடாது. எஃப்2-வில் மிக உயரமாக நிற்கிற செடி கலப்பு நிலையால் உயர்ந்திருக்கலாம். கூட்டல் விளைவு முன்னே தெரியும்வரை, அதாவது எஃப்4, எஃப்5 வரை, கடுமையான தேர்வைத் தள்ளிப்போடுவதே நல்லது.

கடைசி வேலை ஒன்று இருக்கிறது. எஃப்2 செடி ஒவ்வொன்றிலிருந்தும் தேர்வு செய்யாமல் சம அளவு விதை எடுத்து எஃப்3 விதைக்குமுன், அதன் சராசரியைக் காகிதத்தில் எழுதுங்கள். கலப்பு நிலை இன்னொரு முறை பாதியாவதால் எஃப்3 = ந + ¼ ஓ. நம் உதாரணத்தில் 100 + 3 = 103. பெற்றோரையும் அதே வயலில் கூடவே வளர்த்து, அவற்றின் நடுப்புள்ளியிலிருந்து எஃப்3 எத்தனை சென்டிமீட்டர் மேலே நிற்கிறது என்று அளந்து பாருங்கள். திட்டப்பிழைக்குள் 3 வந்தால் ஓ-வை நம்பலாம். வராவிட்டால் எஃப்2 நாற்று நட்ட நாளின் பதிவேட்டை முதலில் எடுத்துப் பாருங்கள்.